தைலக்கடையில் என் மூக்கு

தைலம் வாங்கி விற்கிற கடையில் கண்ணும் காதும் சும்மா இருக்கும். மூக்குதான் காலை முதல் சாயங்காலம் வரை உழைக்கும். மீன் கூடைப் பக்கத்திலும் காப்பிக்கொட்டை வறுக்கிற சட்டிப் பக்கத்திலும் நின்று பிழைக்கிற உங்களுக்குச் சொன்னால் புரியும்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் பழவங்காடிக் கடைத்தெருவில் ஒரு புல்தைலக் கடையில் சேர்ந்தேன். மலைக்காரர்கள் எலுமிச்சை மணம் வீசும் புல்லைக் காய்ச்சி எடுத்த தைலத்தை டின்னில் கொண்டு வருவார்கள். அதில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா என்று மோந்து சொல்ல வேண்டும். முதலாளிக்கோ மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்துவிட்டது. பக்கத்து ஜவுளிக்கடையில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டு போன நான், "இந்த டின்னுல மண்ணெண்ணெய் வாடை வருதே" என்று தைலக்கடை வாசலில் நின்று சொன்னதுதான் எனக்கு வேலையானது. கணக்கு எழுதும் அண்ணாச்சி தன் மைத்துனனுக்கு அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தவறினால் மைத்துனன் வந்துவிடுவான்.

தோளில் என்ன?

முதல் நாள் கொஞ்ச நேரம் நன்றாகப் போனது. பிறகு எந்த டின்னைத் திறந்தாலும் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. டின்னில் மணம் இருக்கத்தான் செய்தது. அதையே திரும்பத் திரும்ப மோந்து என் தலைக்கு அலுத்துவிட்டது. நம் வீட்டு அடுப்புப் புகை நமக்குத் தெரியாது, வருகிறவர்களுக்குத்தானே தெரிகிறது!

விழித்துக்கொண்டு நின்றபோது, காலையில் என் கைப்பிள்ளை கக்கிய பாலின் புளித்த வாடை என் சேலைத் தோளிலிருந்து வந்தது. அதை நன்றாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு டின்னுக்குப் போனேன். தைலம் பளிச்சென்று மணத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு தரம் தோளை மோந்துகொள்வேன். பார்த்துக்கொண்டே இருந்த முதலாளி கேட்டார்: "ஏம்மா, தோள்லயும் நம்ம சரக்குதான் வச்சிருக்கியா?"

வாயை மூடுங்கள்

ஒரு நாள் மலைக்காரர் ஒருவர் டின்னை இறக்கியதுமே, "மண்ணெண்ணெய் நாறுதே!" என்றார் அண்ணாச்சி. சுமை தூக்குகிறவரும் ஆமாம் என்றார். மோந்தேன், எனக்கும் நாறியது. மலைக்காரர் முகம் வாடிப்போனது.

எனக்கு ஏதோ உறுத்தியது. அந்த டின்னையும் நல்ல டின்கள் சிலவற்றையும் இடம் மாற்றி வைக்கச் சொல்லி, கண்ணை இறுக மூடிக்கொண்டு மோந்தேன். ஒன்றிலும் மண்ணெண்ணெய் இல்லை! காதில் விழுந்த சொல்லைத்தான் மூக்கு மோந்திருக்கிறது. டின்னை விலைக்கு எடுத்துக்கொண்டோம். "நான் மோந்து முடிக்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று அன்றைக்கே சட்டம் போட்டேன். அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்தார்: "சரி, முதலாளியம்மா. தும்மலாமா, அதுக்கும் உத்தரவு வேணுமா?"

வாளியோடு பரீட்சை

அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும், அமிர்தமாக இருந்த தைலம் சாக்கடையாக நாறியது. நல்லதும் குமட்டியது, கெட்டதும் குமட்டியது. "மூக்கு போயாச்சு, மைத்துனனுக்கு ஆளனுப்பட்டா?" என்றார் அண்ணாச்சி. கலந்த டின் ஒன்று உள்ளே போனால் கடைப் பேர் போய்விடும், என் வேலையும் போய்விடும்.

நல்லதா கெட்டதா என்று கேட்டால்தானே மூக்கு குழம்புகிறது? நல்ல தைலம் ஒரு குப்பியில் வைத்துக்கொண்டேன். அதே வாடைதானா, வேறா என்று மட்டும் என்னையே கேட்டுக்கொண்டேன். என்னைச் சோதிக்க முதலாளி நல்லதையும் கலந்ததையும் கிண்ணங்களில் ஊற்றி வைத்தார். எதில் கலப்பு என்பது அவருக்கு மட்டுமே தெரியும். மோந்தேன், வாளியில் வாந்தி எடுத்தேன், வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்ததை மோந்தேன். கலந்த கிண்ணங்களை ஒன்றுவிடாமல் தள்ளி வைத்தேன்.

முதலாளி, அண்ணாச்சி பக்கம் திரும்பவே இல்லை. "வாளி கடையிலயே இருக்கட்டும். பேறுகாலம் முடிஞ்சு என்னிக்கு வருவே, அதை மட்டும் சொல்லும்மா."

இப்போது கைப்பிள்ளைக்குச் சளி பிடித்தால் வீடு பயப்படுகிறது. எனக்குச் சளி பிடித்தால் கடையே பயப்படுகிறது.