பிரிக்காத வீடு

சட்ட அகராதி படித்தால் தூக்கம் வரும் என்பார்கள். எனக்குக் கனவே வரும். அதனால்தான் ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் என்னைச் சம்பளமில்லாத அரை வழக்கறிஞராக வைத்திருக்கிறார்கள்.

சென்ற மார்கழியில் நகரின் ஓரத்திலுள்ள ஸ்டோவ்னரிலிருந்து பவளக்கா கூப்பிட்டார். கணவர் இறந்து ஒரு மாதம். பிள்ளைகளுக்குப் பங்கு கொடுக்க வீட்டை விற்கவேண்டி வரும் என்ற பயத்தில், சாமான்களைப் பெட்டிகளில் அடுக்கத் தொடங்கியிருந்தார். நான் போனபோது, அவரது ஒன்பதாம் மாடி ஜன்னலுக்கு வெளியே ஒரே பனிமூட்டம். கட்டடமே மெல்ல மிதப்பதுபோல் இருந்தது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"இஞ்சை 'உஷிஃப்தே', அதாவது 'பிரிக்காதது' எண்டொரு சட்டச் சொல் இருக்கு அக்கா. டேனிஷ்காரரிட்டையும் இருக்கு. சுவீடன்காரர் இதையே வேறை மாதிரி..."

"தம்பி, சுவீடனை விடுங்கோ. நான் இந்த வீட்டிலை இருக்கலாமோ, ஏலாதோ?"

"இருக்கலாம். பிள்ளையள் உங்கள் ரெண்டுபேரின்ரை பிள்ளையள்தானே? கோர்ட்டுக்கு அறிவிச்சால் போதும். திரும்பக் கலியாணம் கட்டாட்டிக் கடைசிவரைக்கும் பங்கு பிரிக்கத் தேவையில்லை."

"விசர்க்கதை!" பவளக்கா சிரித்தே விட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப எல்லாம் இருந்தபடியே இருக்குமோ?"

"ஓம், எல்லாம்."

எழுந்துபோய் ஒரு பெட்டியைத் திறந்தார். பாத்திரங்களை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எடுத்தது கணவரின் பனிச்சப்பாத்து. அதை வாசலில், தன் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

புறப்படும்போது, அந்த இரண்டு சோடிகளும் அசையாதபடி என் சப்பாத்தை இழுத்தெடுத்தேன். அதன்பிறகு யார் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டாலும் நான் சுவீடன் பக்கம் போவதில்லை. ஸ்டோவ்னரில், அந்த வாசலோடு நின்றுகொள்கிறேன்.