கிணற்றின் வெளிப்புறம்

கிணற்றை வெளிப்பக்கமிருந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? சேலையூர் டெபோரா பார்த்திருக்கிறாள். பார்த்த அன்று தூரிகையும் கையுமாக வாயைப் பிளந்து நின்றதாக என்னிடம் சொன்னாள். நாங்கள் தாம்பரத்தில் ஒரே காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம்.

சனிக்கிழமையானால் ஸ்கூட்டரில் பலகையையும் வண்ணங்களையும் கட்டிக்கொண்டு மேடவாக்கம் வழியாகப் போய்க் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிடுவாள். அங்கே ஒரு மீனவர் குப்பத்தில் கடல் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது. காரணம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்; கடல் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை. அந்தக் கரையைத்தான் டெபோரா விடாமல் வரைகிறாள். ஊரெல்லாம் கடல் தெரிகிற ஃப்ளாட் வாங்க, என் மனைவி கடலில் போன வீட்டை வரைகிறாள் என்பது கணவன் மெர்வினின் நிரந்தரக் கிண்டல்.

போன மழைக்காலத்தில் மீன் விற்கும் செல்வமேரியின் வீடு போனது. கணவன் முன்பே இறந்துவிட்டான்; மகன் எழில் படகோடு போய்த் திரும்பாதவன். அவன் போட்டோக்களும் வீட்டோடு போயின. கொல்லையிலிருந்த உறைகிணறு மட்டும் போகவில்லை. சுற்றியிருந்த மணலைக் கடல் அள்ளிக்கொண்டுபோக, பூமிக்குள் கிடந்த சிமெண்டு உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அலைக்கு நடுவே நின்றன. குனிந்து பார்த்த கிணற்றை அண்ணாந்து பார்க்கவேண்டியிருந்தது. எந்தத் தேவாலயத்திலும் வராத பயமும் பக்தியும் அங்கே வந்தன என்றாள் டெபோரா.

படகு மோதும் என்று கிணற்றை உடைக்க ஊர்க்கூட்டத்தில் முடிவானது. செல்வமேரி மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். வீடு போனதிலிருந்து அவள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உடைப்பதற்குள் படத்தை முடித்துவிட டெபோரா லீவு போட்டு ஓடினாள்.

உடைக்கும் நாளில், முடிந்த படத்தோடு செல்வமேரியிடம் போனாள். அடுத்தவள் இழப்பை அழகாக வரைந்துவிட்டோமே என்ற குறுகுறுப்பு. செல்வமேரி கூடையை இறக்கிவைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஓர் உறையின்மேல் விரல் வைத்தாள். அங்கே சின்னதாக ஆறு குழிகள். உப்புக்காற்று அரித்தது என்று நினைத்து டெபோரா அப்படியே வரைந்திருந்தாள்.

"எம்புள்ள கைம்மா இது. அவனுக்கு ஆறு வெரலு."

வாசலிலேயே அச்சு வைத்து வார்த்த உறைகளாம். அச்சைக் கழற்றிய ஈரத்தில் குழந்தை எழில் கையைப் பதித்துவிட்டு அப்பனிடம் அடி வாங்கியிருக்கிறான். உறை மண்ணுக்குள் இறங்கியதும் எல்லாரும் அதை மறந்துபோனார்கள்.

செல்வமேரி கடலை நோக்கி நடந்தாள். டெபோரா பின்னாலேயே ஓடினாள். அலை முழங்காலில் அடிக்க, செல்வமேரி முந்தானையால் பாசியைத் துடைத்து, அந்தச் சின்னக் கையைத் தன் கையால் மூடினாள்.

"எடுத்தத எதையும் திருப்பித் தராத கடலு," என்றாள். "இத மட்டும் தோண்டிக் குடுத்துக்கீது."

கடப்பாரையோடு வந்த இளைஞர்கள் அப்படியே நின்றார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, உறைகளை உடைக்காமல் இறக்கக் கயிறு எடுத்துவர ஓடினார்கள். கயிறு வந்த பிறகும் செல்வமேரி கையை எடுக்கவில்லை.