காத்திருந்த நேரம்: பூஜ்யம்

மதியம் இரண்டு மணிக்குக் காயப் பிரிவின் கூடத்தைத் துடைப்பது வாளியக்காவின் வேலை. பெஞ்சில் இருப்பவர்களிடம் "காலைத் தூக்குங்க" என்று அவள் சொல்வதில்லை. இங்கே வருகிறவர்களுக்குக் காலைத் தூக்குவதுதான் கஷ்டமே. கட்டுப் போட்ட பாதங்களைச் சுற்றி மாப்பை வளைத்து வளைத்து ஓட்டுவாள். பதினாறு வருஷப் பழக்கம்.

அவளுடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. டாக்டர்கள் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் வாளியக்காதான். எட்டாவது வரை படித்தவள். கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மகள் கல்லூரியில் முதல் வருஷம். கோபம் வந்தால் வாளியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். இத்தனை வருஷத்தில் அதற்குமேல் அவள் எதுவும் செய்ததில்லை.

துடைப்பதோடு இன்னொரு வேலையும் உண்டு. கூடத்துச் சுவரில் ஒரு கரும்பலகை. காயப் பிரிவு நடக்கிற செவ்வாயும் வெள்ளியும் போன தடவை எழுதியதை அவள் ஈரத்துணியால் துடைத்துவிட்டால், ஜன்னலில் சீட்டுக் கொடுக்கும் சீட்டுக்காரர் வந்து புதிய கணக்கை எழுதுவார்: "காயப் பிரிவு. சராசரிக் காத்திருப்பு, இத்தனை நிமிடம்." அந்த எண் எப்போதும் நாற்பதையொட்டியே இருக்கும். பெஞ்சில் இருப்பவர்கள் அதைப் படித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பிறகு தங்களுக்குத்தான் இன்று நேரம் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவளுடைய நாத்தனாரும் அப்படித்தான் நினைத்தாள். சர்க்கரைக்காரி, காலில் புண். ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். தையல் கடையில் மாலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. "அண்ணி, நான் வெள்ளிக்கிழமை வர்றேன்" என்று சீட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமைக்குள் காய்ச்சல் கண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அங்கே பழைய விவரம் கேட்டார்கள். வாளியக்கா சீட்டுக்காரரிடம் போய் ஒரு தாள் வாங்கினாள். அதில் அச்சடித்திருந்தது: "அழைத்தபோது இல்லை. காத்திருந்த நேரம்: 0 நிமிடம்."

"இதென்ன பூஜ்யம்?"

"கூப்பிட்டப்ப ஆள் இல்லையேக்கா. உள்ளே போன நேரம் இல்லேன்னா அந்தக் கட்டம் காலியா நிக்கும். காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே விடாது. அதான் ஒரு பூஜ்யம் தட்டிடுவேன்."

"அவ ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தா. அவ காலைச் சுத்தித்தான் நான் துடைச்சேன்."

"நீங்க பார்த்தீங்க, சரி. கம்ப்யூட்டர் பார்க்கலையே!"

கெட்ட மனிதர் இல்லை அவர். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். வாளி தரையில் இடித்த சத்தத்தில் சிரிப்பு நின்றது.

"எத்தனை நாளா தட்டறீங்க?"

"இந்தக் கம்ப்யூட்டர் வந்ததிலேர்ந்து. மூணு வருஷம் இருக்கும்."

காத்திருந்து அலுத்துப் போகிறவர்கள் சீட்டைக் கொடுப்பது வாளியக்காவிடம்தான். ஜன்னலுக்குப் போனால் சீட்டுக்காரர் ஏன், என்ன என்று கேட்பார். வாசலில் மாப்போடு நிற்கிறவள் கேட்கமாட்டாள். வந்த நேரம் சீட்டின் முகப்பிலேயே முத்திரையாக இருக்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் ஒரு பென்சிலை இடுப்பில் செருகிக்கொண்டாள். போகிறவர் சீட்டைத் தந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பின்பக்கத்தில் நேரத்தைக் குறித்தாள். அன்று வந்தவர்கள் பதினொரு பேர். நாலு பேர் திரும்பிப் போனார்கள். வெள்ளிக்கிழமை பலகையில் செவ்வாயின் சராசரி ஏறியது: நாற்பது.

கணக்கில் ஏறிய சீட்டுகள், உள்ளே போன நேரம் குறித்தவையும் சேர்த்து, குப்பையில் போட அவளிடமே வரும். சாயங்காலம் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்க, பதினொரு சீட்டையும் மகள் முன்னால் பரப்பினாள். மகளின் புள்ளியியல் புத்தகம் பக்கத்திலேயே கிடந்தது.

"கூட்டினா நானூத்து நாப்பது. பதினொண்ணால வகுத்தா நாப்பது. கணக்கு சரியாத்தான் இருக்கும்மா."

"சரியா? நாப்பது நிமிஷம் காத்திருந்த ஒருத்தரைக் காட்டுடி பார்ப்போம்."

மகள் தேடினாள். கட்டு மாற்ற மட்டும் வந்து நர்சைப் பார்த்துவிட்டுப் போன மூன்று பேருக்கு ஐந்து, பத்து, பதினைந்து நிமிஷம். டாக்டரைப் பார்த்த நாலு பேருக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூற்றைந்து, நூற்றிருபது. போனவர்களுக்கு நாலு பூஜ்யம்.

"யாருமே இல்ல."

"அப்ப அது யாரோட நேரம்?"

"சராசரின்னா அப்படித்தாம்மா. எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல ஊத்தி, ஆளுக்குச் சமமா பங்கு போடறது. அந்தப் பங்கு நிஜமா யாருக்காவது கிடைச்சிருக்கணும்னு இல்ல. முகடுன்னு இன்னொண்ணு இருக்கு. எது அதிகத் தடவை வருதோ, அது." மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதைப் பார்த்தா பூஜ்யம்மா! நாலு தடவை வருது."

"அப்ப எங்க ஆஸ்பத்திரியில யாரும் காத்துக்கெடக்கறதே இல்லன்னு சொல்லுது உன் புக்கு. மூடி வை."

"புக்கு என்ன பண்ணும்? பொய்யைக் குடுத்தா பொய்யைத்தான் கூட்டிக் குடுக்கும். சீட்டைத் திருப்பு."

நாலு சீட்டையும் திருப்பினார்கள். எண்பது, நூறு, நூற்றுப்பத்து, நூற்றுமுப்பது. பூஜ்யங்கள் போய் மனிதர்கள் வந்தார்கள். பதினொன்றையும் சிறியதிலிருந்து பெரியதாகத் தரையில் வரிசையாக அடுக்கினார்கள். அம்மா இந்தப் பக்கமிருந்து ஒன்று, மகள் அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று எடுத்துக்கொண்டே வந்தார்கள். நடுவில் ஒரே சீட்டு மிஞ்சியது. தொண்ணூற்றைந்து.

"இதுக்குப் பேரு இடைநிலை. இவருக்குக் கீழே அஞ்சு பேரு, மேலே அஞ்சு பேரு. சராசரியும் நாப்பது இல்ல, எழுபத்தெட்டு. ஆனா கட்டு மாத்த வந்த மூணு பேரு அதைக் கீழே இழுக்கறாங்க. நடுவுல நிக்கிறவரை அவ்வளவு சுலபமா இழுக்க முடியாது. உலை பொங்குதும்மா!"

வாளியக்கா உலையைக் கவனிக்கவில்லை. அந்த நடுச் சீட்டு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஊன்றுகோல் வைத்திருப்பவர், உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

அடுத்த செவ்வாய் காலை சீட்டுக்காரர் ஒரு கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். காயப் பிரிவின் இரண்டு டாக்டர்களில் ஒருவரை வேறு கிளைக்கு அனுப்பலாம் என்று மேலிடத்துக்கு எழுதிய கடிதம். சராசரி நாற்பது நிமிஷம்தானே, ஒருவர் போதும் என்றிருந்ததை ஜன்னலோரம் துடைத்துக்கொண்டிருந்த வாளியக்கா படித்தாள். கையெழுத்துக்கு மேலாளர் அறைக்குப் போயிற்று. அதன் பின்னாலேயே வாளியக்காவும் போனாள். போகும்போது ஈரத்துணி கையிலேயே இருந்தது.

மேலாளர் மரியாதையானவர். நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. மேஜைக் கண்ணாடியில் சீட்டுகளை வரிசையாக வைத்து, நாலைத் திருப்பிக் காட்டிச் சொல்லி முடித்தாள்.

"ஒரு நாள் கணக்கும்மா இது. நான் மூணு வருஷக் கணக்கை வெச்சு எழுதறேன்."

"மூணு வருஷமும் இதே பூஜ்யம்தான் சார். சீட்டுக்காரரையே கேளுங்க."

"அவங்களா எழுந்து போனா நாம என்ன பண்றது?"

"போனவங்களை விட்டுட்டாவது வகுக்கலாமே சார். உட்கார வெச்சு வெறுக்கடிச்சு அனுப்பிட்டு, அவங்க காத்திருக்கவே இல்லன்னு எழுதறது என்ன நியாயம்? அன்னிக்கு டாக்டரைப் பார்க்க வந்த எட்டு பேருமே போயிருந்தா, போர்டுல மூணு நிமிஷம்னு வந்திருக்கும். நம்மளைப் பாராட்டி மெடல் குடுத்திருப்பாங்க. கூட்டம் வெறுத்துப் போகப் போக நம்ம கணக்கு அழகாயிட்டே வருது!" குரல் உயர்ந்தது அவளுக்கே தெரிந்தது. "ஒரு டாக்டரையும் எடுத்துட்டா இன்னும் நிறைய பேர் போவாங்க. சராசரி இன்னும் குறையும். அப்புறம் மிச்சம் இருக்கிறவரும் எதுக்குன்னு எழுதுவீங்க."

மேலாளர் சீட்டுகளைப் பார்த்தார். ஒன்றைத் தொடக்கூடச் செய்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"உங்க கஷ்டம் புரியுது. உங்க சொந்தத்துல ஒருத்தருக்கு இப்படி ஆயிடுச்சு, வருத்தம்தான். ஆனா கம்ப்யூட்டர்ல இருக்கிறதுதான் கணக்கு. பென்சில்ல எழுதினதையெல்லாம் நான் மேலே காட்ட முடியாது." கையெழுத்துப் போட்டார். "இந்தச் சீட்டையெல்லாம் தொட்டியில போட்டுடுங்கம்மா."

வாளியக்கா சீட்டுகளை எடுத்தாள். கலைத்து அள்ளவில்லை. ஐந்திலிருந்து நூற்றுமுப்பது வரை, வரிசை மாறாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். மேஜையோரத்துச் சாக்பீஸ் டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

"தொட்டி இங்கேயே இருக்கே. எங்க கொண்டு போறீங்க அதை?"

அவள் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு கூடத்துப் பக்கம் போனாள். ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போயிற்று.

"வாளியக்கா, உங்களைத்தான் கேட்கறேன்!"