பம்பரம் உட்கார்ந்த மேசை

என் சின்னச் சித்தப்பாவுக்கு மூன்று பிள்ளைகள். நடுவில் பிறந்தவனுக்குப் பம்பரம் என்று பட்டப்பெயர் வைத்தது என் அத்தைதான். தொட்டிலிலேயே அவனுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. வளர்ந்து ஒரு சின்ன உணவகத்தில் சப்ளையராகச் சேர்ந்தான். அந்தக் காலுக்கு ஏற்ற வேலை. சாப்பாடும் நின்றபடிதான், சமையல்கட்டு வாசலில். பெண்சாதி போன பிறகு வீட்டிலும் அப்படியே.

அவனுடைய ஒரே மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் வேறு பாஷைக்காரர்கள். பையனுக்கு மட்டும் நம் பேச்சு கொஞ்சம் வரும். பெற்றவர்கள் இட்லி தோசையை வாயில் வைத்ததே இல்லையாம். "அப்பா கடையிலயே சாப்பிட்டுப் பார்க்கட்டும்" என்றாள் மகள். அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இன்னிக்கு நீங்க பரிமாறக் கூடாது. என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடணும். எனக்கு நினைவு தெரிஞ்சு ஒரு நாள்கூட அப்படிச் சாப்பிட்டதில்லப்பா."

"உட்கார்றேம்மா. மலையைப் பேர்க்கிற வேலையா அது?"

உட்கார்ந்தான். மேசைக்கடியில் முழங்கால் ஆட, மேலே டம்ளர்கள் கிணுகிணுத்தன.

"ஏன்டா தம்பி, மேசைக்குக் குளிர்காய்ச்சலா?" என்றேன், எதிரில் உட்கார்ந்திருந்த நான்.

"சும்மா இரு, அக்கா."

தோசை வந்தது. சம்பந்தியம்மாள் கத்தி கேட்டு வாங்கி அறுத்தாள். தோசை தட்டைவிட்டு நழுவியது. இவன் கை நீண்டது. மகள் பார்த்ததும் மடிக்குத் திரும்பியது. சம்பந்தி சாம்பாரைச் சூப் மாதிரி குடித்து முடித்து, காலிக் கிண்ணத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தார். வேறொரு சப்ளையர் வாளியோடு இரண்டு தடவை கடந்து போனான், திரும்பவில்லை.

மகள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கிண்ணம் காலியா இருக்கும்மா."

"தெரியுதுப்பா. அவர் வருவாரு."

"வரமாட்டான். அவன் கண்ணு தரையில இருக்கு."

அவள் விட்டாளோ, இவன் உருவிக்கொண்டானோ, எழுந்து வாளியை வாங்கிவிட்டான். சம்பந்தியின் கிண்ணம் நிறைந்தது. அதோடு நிற்குமா? பக்கத்து மேசை, அதற்கடுத்தது என்று வாசல்வரை போய்விட்டான். அவன் தட்டில் தோசை விள்ளாமல் ஆறிக் கிடந்தது. மகள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சம்பந்தியம்மாள் மகனிடம் ஏதோ கேட்டாள். "மாமா எப்ப சாப்பிடுவாருன்னு அம்மா கேட்குறாங்க" என்றான் பையன்.

மகள் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய் அப்பனை வழிமறித்தாள். ஒரு விள்ளல் பிய்த்துச் சட்னியில் தோய்த்து நீட்டினாள்.

"வாயைத் திறங்க."

"கையில வாளி இருக்கும்மா."

"வாளியா சாப்பிடப் போகுது?"

வாங்கிக்கொண்டான். கால் மட்டும் அடுத்த மேசைப் பக்கம் திரும்பியே இருந்தது.