இறக்கத்தில் மட்டும் ஆள் ஏற்றிய பிலோமினா

பிலோமினா இறந்த செய்தி இந்த ஊரில் எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அந்த வாரம்தான் என் மகன் அமெரிக்காவிலிருந்து புதிய கைபேசி ஒன்றை அனுப்பியிருந்தான். பழையதில் இருந்த நம் பள்ளித் தோழியர் வாட்ஸ்அப் குழு புதியதற்கு வந்து சேரவில்லை. நீங்கள் எல்லோரும் விடியற்காலையிலேயே அழுது முடித்து, யார் மாலை வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, நான் இட்லி சரியாக வேகவில்லை என்று சமையற்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். டிரைவர் முருகேசன் வாசலில் வந்து நின்றான். “அம்மா, பிலோம்மா போயிட்டாகளாம். நீங்க இன்னும் கெளம்பலையா?”

நான் போனபோது அவளுடைய கைபேசி கூடத்து மேசைமேல் கிடந்தது. ஏழெட்டு ஆண்டுப் பழையது. ஓரத்தில் விரிசல், அதன்மேல் ஒட்டுநாடா. துக்கம் கேட்பவர்களின் அழைப்பில் அது ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. இவ்வளவு காலம் ஒரு பொருள் இவளிடம் எப்படி உழைக்கிறது என்ற எரிச்சல்தான் வந்தது. நினைவஞ்சலி எழுதச் சொன்னீர்கள். உண்மையைத்தான் எழுதுவேன். பிலோமினாவைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

கான்வென்ட்டில் நான் முதல் வரிசை, அவள் கடைசி வரிசை. எங்களுக்கு மலை உச்சியில், போடிமெட்டுப் பக்கம், ஏலக்காய்த் தோட்டம். அவள் அப்பாவுக்குக் கடைத்தெருவில் ஏலக்காய்க் கடை. ஆங்கிலக் கட்டுரையில் அவள் எனக்கு ஒருநாளும் பக்கத்தில் வந்ததில்லை. இருவரும் கணவரை இழந்த பிறகுதான் கணக்கு மாறியது.

ஏலக்காயை ஏலம் விடுவது கணினிக்கு மாறியபோது ஊரில் பெரிய வியாபாரிகள் அதற்கென்று ஆள் வைத்தார்கள். அவள் கணினி ஒன்றை வாங்கி, அப்பாவுக்குப் பின் தான் நடத்திவந்த கடைக்குள் வைத்து, தானே அதன்முன் உட்கார்ந்தாள். அதே பெட்டியைப் பன்னிரண்டு ஆண்டுகள் வைத்திருந்தாள். விசிறி கெட்டால் விசிறி, நினைவகம் போதாவிட்டால் நினைவகம் என்று மதுரையிலிருந்து வரவழைத்து மாற்றிக்கொள்வாள். ஏலக்காய்த் தூசி படியாமல் பழைய வாயில் புடவையில் அதற்கு உறை தைத்திருந்தாள். அந்தக் காலத்திற்குள் என் மகன் எனக்கு நான்கு கணினிகள் அனுப்பிவிட்டான். கடைசியாக வந்தது ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனம்கூட இல்லை. அதை அவளுக்குக் காட்டுவதற்காகவே கடைக்குப் போனேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“தொறக்க ஒரு எடமும் இல்லையேடி ராஜம். கெட்டுப் போனா என்ன செய்வ?”

“புதியது வரும்.”

“அப்ப இது ஒன்னோடது இல்ல. ஒன் மகனோடது. ஒங்கிட்ட விட்டு வச்சிருக்கான், அம்புட்டுத்தான்.”

ஒரு மாதம் நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

கைபேசியிலும் இதே கதைதான். ஒவ்வொரு முறை புதியது வரும்போதும் என் கணவரின் அறுபதாம் கல்யாணப் படங்கள் காணாமல் போகும். மகனைக் கேட்டால், “எல்லாம் மேலே பத்திரமா இருக்கும்மா” என்பான். இதை ஒருமுறை பிலோமினாவிடம் சொல்லிவிட்டேன்.

“மேலேன்னா எங்க? போடிமெட்டுலயா?” என்று கேட்டு, கடைக்கு வந்திருந்தவர்களையும் சேர்த்துச் சிரிக்கவைத்தாள். பிறகு தன்னுடைய அந்த விரிசல் விழுந்த கைபேசியில், அதற்கு முந்தைய போனிலிருந்து விடாமல் மாற்றி வைத்திருந்த அதே விழாவின் படங்களை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினாள். என் வீட்டு விழா, அவள் கையில்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கார் வந்தபோதுதான் என்னால் முடியவில்லை.

நம்மில் முதலில் வண்டி ஓட்டக் கற்றவள் நான். கல்லூரி விடுமுறையில் அப்பா சொல்லிக்கொடுத்தார். திருமணமான வாரமே என் கணவர், “நம்ம வீட்டுப் பொம்பளைக ஸ்டியரிங்கப் பிடிச்சா ஊரு என்ன சொல்லும்?” என்றார். அதோடு பின்னிருக்கைக்குப் போனேன். ஆனாலும் ஓட்டுநர் உரிமத்தைக் காலாவதியாக விடாமல் இன்றுவரை புதுப்பித்து வந்திருக்கிறேன். பிலோமினாவோ அறுபது வயதில்தான் ஓட்டவே பழகினாள். ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரு மின்சாரக் கார் வாங்கினாள். மலையில் பாதி வழியில் நின்றுவிடும், கயிறு கட்டித்தான் இழுத்து வருவாள் என்று கடைத்தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் அந்த வண்டியின் குணத்தை ஒரு மாதத்தில் படித்துவிட்டாள். மலை ஏறும்போது மின்சாரம் மளமளவென்று குறையும். இறங்கும்போது வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கும், அந்தப் பிடிப்பிலேயே பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பி வரும். கனம் கூடினால் வரவும் கூடும். அதனால் அவள் ஒரு வழக்கம் வைத்தாள். காலையில் தோட்டங்களில் காய் வாங்க மலை ஏறும்போது யார் கை காட்டினாலும் நிறுத்தமாட்டாள். “ஏத்தத்துக்கு ஜீப்பு இருக்கு, எறக்கத்துக்கு நான் இருக்கேன்” என்பாள். மாலையில் போடிமெட்டு டீக்கடை முன்னால் காயெடுக்கும் பெண்கள் அவள் வண்டிக்காகக் காத்திருப்பார்கள். என் தோட்டத்துப் பெண்களும்தான். நான் ஏற்பாடு செய்த ஜீப் காலியாக இறங்கியது.

ஒரு மழை நாளில் என் கார் மெட்டிலேயே புகை விட்டு நின்றுவிட்டது. முருகேசன் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தான். சத்தமே இல்லாமல் பிலோமினாவின் வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. முன்னிருக்கையில் என் தோட்டத்தில் வேலை செய்யும் செல்லத்தாய். என்னைக் கண்டதும் பதறி இறங்கப் போனாள். பிலோமினா அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“நீ இருத்தா. வளைவுல ஒனக்கு வாந்தி வரும். ராஜம், நீ பின்னாடி ஏறு. ஒனக்குத்தான் பின்சீட்டு பழக்கமாச்சே. வெரசா, மழை நனைக்குது.”

ஏறினேன். வேறு வழியில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் அந்தப் பெண்கள் திரையில் ஏறும் பேட்டரி சதவீதத்தைக் கூவிக்கொண்டு வந்தார்கள். “நாப்பத்தி மூணு! பிலோம்மா, நாப்பத்தி நாலு ஆயிருச்சு!”

“இன்னைக்கு நல்லாவே ஏறும்” என்றாள் பிலோமினா. “ராஜம் சும்மாவா, ரெண்டாளு கனம்ல.”

என் வேலையாட்கள் என் முன்னாலேயே சிரித்தார்கள். மலை முடிந்து நேர்ச்சாலை வந்ததும் அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

“வழியெல்லாம் இல்லாத பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்த. இங்கருந்து நீ ஓட்டுறியா? கேளு, தர்றேன்.”

என் கைகள் அந்தச் சக்கரத்தைப் பிடிக்க எவ்வளவு ஏங்கின என்பது எனக்குத்தான் தெரியும். செல்லத்தாய் திரும்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு வேண்டாம்” என்றேன்.

நோய் முற்றி, மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாள். சன்னலுக்கு வெளியே நின்ற வண்டியைக் காட்டி, “சும்மா நிக்குது” என்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “யாராவது துடைத்து வைக்கலாமே” என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளை உயிரோடு நான் பார்த்தது அதுதான் கடைசி.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உங்களில் சிலரும் இருந்தீர்கள். அவள் மருமகன் ஒரு தரகரைக் கூட்டிவந்து முற்றத்தில் வண்டியைக் காட்டினார். தரகர் டயரைக் காலால் எத்தினார். “பேட்டரி வண்டி, அஞ்சு வருசம் மலையில ஓடிருக்கு. எவன் வாங்குவான்? வெலையக் கழிச்சுத்தான் எடுக்கணும்.” பாதிச் சாப்பாட்டில் நான் எழுந்தேன். நம் தோழியர் முன்னால், அந்தத் தரகர் முன்னால், பரிமாறுகிறவர்கள் முன்னால் பிலோமினாவின் மகளிடம் போனேன். இத்தனை வயதில் நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. வரவேண்டியது தானாக வரும் என்றே வளர்ந்தவள்.

“ரோஸ்லின், அந்த வண்டி எனக்கு வேண்டும். நான் ஓட்டுவதற்கு.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீரும் வந்தது. “அம்மா சொல்லிட்டுத்தான் போனாக, பெரியம்மா. ‘வண்டிய ராஜம் கேட்டா குடு. நீயா கொண்டுபோய் நிறுத்தாத. அவ வாயத் தெறந்து கேக்கணும்’னு.”

கோபத்தில் எனக்குக் காது அடைத்தது. செத்த பிறகும் அவள்தான் ஜெயித்தாள். தரகர் கடைசியாகச் சொன்ன விலையைவிடக் கூடுதலாகவே கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டேன்.

மகன் போனில் கத்தினான். “எழுபத்திரண்டு வயசுல பழைய பேட்டரி வண்டியா? புதுசு வாங்கித் தர்றேன், முருகேசன் ஓட்டட்டும்.” புதியது அவனுடையதாக இருக்கும், எனக்கு வேண்டாம் என்றேன். பிலோமினா குள்ளம். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன். ஒரு மாதம் மலையடிவாரத்து முந்தல் சாலையில் பழகிவிட்டு மலை ஏறினேன். பக்கத்தில் முருகேசன் மேல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டான்.

இப்போது வாரம் மூன்று நாள் நானே தோட்டத்துக்குப் போய் வருகிறேன். மாலையில் டீக்கடை முன்னால் நிறுத்துகிறேன். பெண்கள் ஏறுகிறார்கள். செல்லத்தாய் முன்னால்தான். ஆனால் நான் வளைவு திரும்பும்போதே கடையிலிருந்து குரல் கேட்கும்: “ஏ, பிலோம்மா வண்டி வந்துருச்சு, ஓடியா!” ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது. காப்பீடு என் பெயரில். ஓட்டுகிறவள் நான். இருந்தும் மெட்டில் அது பிலோம்மா வண்டிதான். நேற்றும் அப்படித்தான் கூவினார்கள், நேற்றும் எனக்கு வயிறு எரிந்தது.

தோழியரே, அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த வண்டியும் இந்த எரிச்சலும். இரண்டையும் நன்றாகவே பராமரிக்கிறேன். அவள் அதை ஐந்து ஆண்டுகள் வைத்திருந்தாள். நான் ஆறு ஆண்டுகள் வைத்திருப்பதாக இருக்கிறேன்.