இரண்டு பலகை சேர்த்து அறுத்த குப்புசாமி கிராணியார்

செய்தி பெரட்டுக் களத்தில் வந்தது. காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம். ஆபீஸ் தலைமை எழுத்தரான பெரிய கிராணி தாளைப் பார்த்தே வாசித்தார்.

"ஸ்டோர் கிராணி குப்புசாமி நேத்து காய்ச்சல்ல காலமாயிட்டாரு. இந்த வாரம் அரிசி கெடையாது, மரவள்ளிதான். ஆத்தோர ரப்பர் நிரைக்கு ஆள் பத்தாது, கங்காணி பாத்துக்கணும்."

மூன்றும் ஒரே குரலில். வேலையை விட்டுவிட்டு யாரும் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

காய்ச்சல் அல்ல. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அச்சிட முடியாது. அச்சகமும் காகிதமும் இன்று யார் கையில் என்று எல்லோருக்கும் தெரியும். படித்தவர் இதை அடுத்தவர் கையில் கொடுங்கள். மேசைமேல் வைக்காதீர்கள்.

அவரை அறியாதவர்களுக்காக: குப்புசாமி அவர்கள் எங்கள் ரப்பர் தோட்டத்தின் ஸ்டோர் கிராணி. அரிசி, மண்வெட்டி, ரப்பர் அடைக்கும் கித்தாச் சாக்கு எல்லாம் அவர் பொறுப்பு. நாற்பத்தைந்து வயதிருக்கும். மனைவி ராஜம்மாள். பிள்ளைகள் இல்லை. சிங்கப்பூரில் என் கல்லூரி மூடப்பட்ட பிறகு நான் இங்கே சின்னக் கிராணியாகச் சேர்ந்தேன். அவருடைய பக்கத்து மேசை.

அதற்கு முன்பே அவரைத் தெரியும். என் வீடு கோத்தா திங்கியில். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஆற்றோரப் பாசாரில் ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்ப்பேன். பாய் விரித்து உட்கார்ந்திருப்பார். பாய்மேல் படச் சட்டங்கள், மயில்கள், மான்கள், வீட்டுப் பெயர்ப் பலகைகள். எல்லாம் உடைந்த ரப்பர் பெட்டிகளின் ஒட்டுப்பலகையில் அறுத்தவை. அது அவருடைய பொழுதுபோக்கு. விற்ற காசு அடுத்த ரம்ப அலகுக்குப் போகும்.

எதிர்க் கடை மீன்காரர் ஒவ்வொரு வாரமும் ஒன்றையே கேட்பார்.

"என்னா கிராணியாரே, ஓட்டையெல்லாம் வித்துப் போச்சா?"

"ஓட்டை இனாம் லா. சுத்தி இருக்கிற பலகைக்குத்தான் காசு."

வளைந்த இரும்புச் சட்டம். அதில் நூல் போல ஓர் அலகு. பலகையில் துளையிட்டு, அலகை உள்ளே நுழைத்து, முறுக்கிக் கட்டுவார். ரம்பம் ஒரே இடத்தில் ஏறி இறங்கும், பலகைதான் திரும்பும். இரண்டு மூன்று பலகைகளை ஓரத்தில் சின்ன ஆணி அடித்துச் சேர்த்து, மேலே ஒரு படத்தை ஒட்டி அறுப்பார். ஒரே அறுப்பில் மூன்று மான்.

"ஒரு தடவை கை தப்பிச்சின்னா மூணும் நொண்டி மான்," என்பார் ராஜம்மாள்.

"நொண்டியும் ஜோடியாத்தான் இருக்கட்டுமே," என்பார் இவர்.

ஜப்பான்காரன் வந்தான். அலகு வரவில்லை. பழைய சுவர்க் கடிகாரத்தின் சுருளை நீட்டி, அரத்தால் பல் வைத்து, அதையே அலகாக்கிக்கொண்டார். ஒரு மயிலுக்கு ஒரு கட்டுக் கீரை. ஒரு படச் சட்டத்துக்கு இரண்டு மரவள்ளிக் கிழங்கு. பசியில் இருக்கும் ஊரில் மயிலை யார் வாங்குவார்கள் என்று நான் கேட்டேன். "வாங்குறாங்களே தம்பி," என்றார். உண்மைதான். வாங்கினார்கள்.

பிறகு சயாம்.

அங்கே ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்றார்கள். மூன்று மாதம். நல்ல சாப்பாடு. திரும்பி வந்துவிடலாம். எங்கள் தோட்டத்தில் யார் யார் போவது என்ற பட்டியலை எழுதியவர் பெரிய கிராணி. போகிறவர் கழுத்தில் ஓர் எண் தொங்க வேண்டும் என்று உத்தரவு. மை மழையில் அழிந்துவிடும், மரத்தில் அறுத்தால் அழியாது, நம் ஸ்டோர் கிராணிக்கு அந்த வேலை தெரியும் என்று யோசனை சொன்னவரும் பெரிய கிராணிதான்.

முதல் தவணை பதினொரு பேர். குப்புசாமி அவர்கள் பதினொரு கட்டைகள் அறுத்தார். மறைக்க ஒன்றுமில்லை, மகிழ்ச்சியோடு அறுத்தார். எட்டிலும் பூஜ்யத்திலும் நடுத்துண்டு கழன்று விழாமல் எப்படிப் பாலம் விடுவது என்று எனக்குக் காட்டினார். கழுத்தில் உரசக் கூடாதென்று ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தார்.

லாரி புறப்பட்ட அன்று பழனியம்மாள் அவரிடம் வந்தார். பால் மரம் வெட்டுகிறவர். கணவர் இல்லை. மகன் லாரியில்.

"கிராணியாரே, கட்டையில என்னா எழுதியிருக்கு?"

"நம்பரும்மா."

"பேரு எங்க?"

குப்புசாமி அவர்கள் நேரே ஆபீஸுக்குப் போனார். நான் அங்கேதான் இருந்தேன்.

"பேரு எதுக்குய்யா?" என்றார் பெரிய கிராணி. "அங்க போனா நம்பர்தான். ரிஜிஸ்டர்ல இருக்கு, போதும்."

"வீட்டுல இருக்கிறவங்களுக்கு நம்பர் தெரியாதே சார்."

"அவங்களுக்குத் தெரிஞ்சு என்னா பண்ணப் போறாங்க? போய் வேலையப் பாரு."

குப்புசாமி அவர்கள் போய் வேலையைப் பார்த்தார். இரண்டாம் தவணைக்கு உத்தரவு வந்தபோது பலகைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஆணி அடித்தார். ஒரே அறுப்பில் இரண்டு எண். ஒன்று ஆபீஸுக்கு. பெரட்டில் பெயரையும் எண்ணையும் உரக்கப் படித்துக் கட்டையை மாட்டும்போது, யாருக்கு எது என்று மனதில் வாங்கிக்கொண்டார். மற்றொன்றை அந்த வாரப் படி அளக்கும்போது, மரவள்ளி மாவுக்குள் செருகி, அந்தந்த வீட்டுப் பெண்ணின் பையில் போட்டார்.

"மாட்டினா என்னண்ணே சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"பொழுதுபோக்குன்னு சொல்றேன். பொய்யில்லையே."

மூன்று மாதம் ஆயிற்று. ஆறு ஆயிற்று. யாரும் வரவில்லை. பெண்கள் டவுனில் இருந்த ஜப்பான்காரன் ஆபீஸுக்கு நடந்தார்கள். பெயர் சொல்லிக் கேட்டவர்களைக் கையசைத்து விரட்டினார்கள். கட்டையை நீட்டியவர்களுக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டாம் தவணையில் கணவரை அனுப்பிய முனியம்மாளுக்கு ஒரே வார்த்தையில் பதில் கிடைத்தது. மாத்தி. மலாயில் செத்துவிட்டான் என்று. அவர் பாசார் வழியாக அழுதுகொண்டே திரும்பினார். மத்தியானம் ஸ்டோருக்கு வந்து நின்றார்.

"சொன்னாங்கல்ல," என்றார் குப்புசாமி அவர்கள். "கேட்டதுக்குப் பதில் சொன்னாங்கல்லம்மா."

ஒரு மனிதன் செத்தான் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு மனைவி மாவுக்குள் ஒளித்துவைத்த கட்டையோடு நடக்க வேண்டியிருந்தது. இதைக் கோபமில்லாமல் எழுத எனக்குத் தெரியவில்லை. முயலவும் இல்லை.

ஐந்தாவது கட்டையில் ஜப்பான்காரர்களுக்குச் சந்தேகம் வந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு தோட்டத்துக்கே வந்தார்கள். இது யார் வேலை என்று கேட்டார்கள். ஆபீஸ் வாசலில் ஒரு கை நீண்டது. யாருடைய கை என்று நான் பார்த்தேன். அந்தக் கை இன்றும் தினம் காலையில் பெரட்டில் தாள் பிடிக்கிறது.

குப்புசாமி அவர்களைக் கொண்டுபோய், மூன்று நாள் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே கையாக இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. டிரெஸ்ஸர் உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டினார். அதைத் தவிர அவரிடம் ஒன்றும் இல்லை. புண் மேலே ஏறியது. பதினொரு நாள்.

அதற்குள் தொழிலாளர் குடியிருப்பு லயத்தில் பேச்சு வேறாகிவிட்டது. ஜப்பான்காரனுக்குக் கட்டை அறுத்தவர்தானே. அவனிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார். பட்டியல் எழுதியவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் படி அளக்க உத்தரவு போடுகிறவர். அறுத்தவர் படுத்துக் கிடக்கிறார். அவரைப் பேசுவது சுலபம்.

கடைசியாக நான் போனபோது இந்தப் பேச்சு அவர் காதுக்கும் வந்திருந்தது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"முத பதினொண்ணு தப்புதானே தம்பி," என்றார். "அழகா அறுக்கணும்னுதான் பாத்தேன். எதுக்குன்னு பாக்கல. பதினொரு நம்பரும் இப்பவும் சொல்லுவேன். எது யாருதுன்னு தெரியல."

சொன்னார். பதினொன்றையும் வரிசையாக. நான் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் போய்விட்டார்.

பெரட்டு முடிந்ததும் நான் வேலைக்குப் போகவில்லை. அவர் வீட்டு வாசலில் பழனியம்மாள் நின்றிருந்தார். அழ வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் அறுத்த கட்டைய மாட்டிக்கிட்டுதான் எம்புள்ள போனான்."

"ஆமாக்கா," என்றார் ராஜம்மாள். "அறுத்தாரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ராஜம்மாள் என்னைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டேன்.

தூக்க நான்கு பேர் வேண்டும். நான். டிரெஸ்ஸர். வேலைக்குப் போக முடியாத கிழவர் ஒருவர். லயத்தில் மற்ற ஆண்கள் சயாமில், அல்லது கங்காணியின் கண்பார்வையில். கட்டை கிடைத்த வீடுகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். உள்ளே ஆள் இருந்தார்கள். திறக்கவில்லை. பயம். பயம் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் மன்னிக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது பழனியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"பொம்பள இடுகாட்டுக்கு வரக் கூடாதும்மா," என்றார் கிழவர்.

"ஆம்பளைங்கள எண்ணிப் பாத்தியா? பேசாம பிடி."

முன்பக்கம் இடது தோள் அவருடையது. வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். ரப்பர் நிரைகளின் நடுவே, பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "பெரிய படிப்பு படிச்ச ஆளு. எல்லார் வீட்டுக்கும் குடுத்தீங்களே, எனக்குக் குடுக்கலியே. கேக்கத் தெரியாம நின்னேனே, நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்று பாடையைப் பார்த்துத் திட்டினார். மரியாதையை மட்டும் விடவில்லை. பாடையும் ஒரு முறைகூடச் சாயவில்லை.

குழியருகே இறக்கி வைத்ததும் குனிந்து, மூடிய துணியிடம் கேட்டார்.

"எம்புள்ள நம்பர் என்னான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

என் சட்டைப்பையில் பதினொரு எண்கள் இருந்தன. அவற்றில் ஒன்று அவருடைய மகன். எது என்று எழுதிய ரிஜிஸ்டர் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. சாவி யாரிடம் என்று இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணே, நீங்கள் புறப்படுங்கள். பழனியம்மாள் உங்களிடம் கேட்டது உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. நாளை பெரட்டில், தாள் பிடித்திருக்கும் அந்தக் கைக்கு முன்னால் நின்று, அதை நாங்கள் கேட்கிறோம்.