ஓவியர் பெயர் தெரியவில்லை

அயோவாவில் எங்கள் வட்டாரத்துக் கொட்டகைகளில் பாதிக்குச் சிவப்பு அடித்தவர் வெர்லின் டீட்மன். மிச்ச நேரத்தில் படமும் வரைவார். எங்கள் மாநிலத்துப் பெரிய ஓவியர் ஒருவரின் பாணி அது. குன்றெல்லாம் ரொட்டி மாவு உருட்டி வைத்த மாதிரியும், மரமெல்லாம் பந்து பந்தாகவும் இருக்கும். நாற்பது வருடத்தில் ஒன்றுகூட விலைபோகவில்லை. கல்யாணத்துக்குச் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். எங்கள் வீட்டுப் படம் துணி துவைக்கிற அறையில் தொங்குகிறது.

போன அக்டோபரில் எங்கள் ஊர் எல்ஸி ஹாக்ஸ்மா செத்துப்போய், வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வந்தது. வெர்லின் அவளுக்குக் கொடுத்த சோளக்காட்டுப் படமும் அதில் இருந்தது. வெர்லின் சவரம் செய்துகொண்டு வந்து முன்வரிசையில் நின்றார்.

"என்னய்யா, ஏதாச்சும் வாங்கப்போறியா?" என்றேன்.

"இல்லப்பா. அத யாராச்சும் காசு குடுத்து வாங்குறாங்களான்னு பாக்கணும். ஒரே ஒரு ஆளு போதும்."

ஊருக்குப் புதுசான ஏலக்காரர் கர்ட் படத்தைத் தூக்கிப் பிடித்தார். "பெரிய ஓவியர் பாணி! கையெழுத்து இல்ல, வரைஞ்சது யாருன்னு தெரியல!"

வெளியூர்ப் பல் டாக்டரம்மா ஒருத்தி இருபது டாலர் என்றாள். எங்கள் ஊர்ப் பழைய சாமான் வியாபாரி முப்பது என்றான். இருவரும் மாறி மாறி எண்பதுவரை ஏற்றினார்கள். வெர்லினின் காது சிவந்துவிட்டது.

"யாரோ, நல்லாத்தான் வரைஞ்சிருக்கான்!" என்றார் கர்ட்.

வெர்லினுக்குத் தாங்கவில்லை. நான்தான் என்று சொல்லக் கையைத் தூக்கினார்.

"எண்பத்தஞ்சு!" என்றார் கர்ட்.

தன் பொருளை மீட்க ஒருவர் ஏலம் கேட்டால், எங்கள் ஊரில் யாரும் அதற்கு மேல் கேட்கமாட்டோம். வியாபாரிகூட வாயை மூடிக்கொண்டான். டாக்டரம்மா மட்டும் எண் அட்டையைத் தூக்கப் போனாள். பின்வரிசையில் அவள் பக்கத்தில் நின்ற நான்தான் முழங்கையைத் தொட்டேன்.

"விட்டுடுங்கம்மா. அவரு வரைஞ்சதுதான். திரும்ப வேணும்போல, பாவம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அட்டையை இறக்கினாள். கூட்டம் கைதட்டியது.

எங்கள் பக்கத்து ஆண்கள், பத்துப் பேர் முன்னால் விளக்கம் சொல்வதைவிட எண்பத்தைந்து டாலரைக் கொடுத்துவிடுவார்கள். வெர்லினும் கொடுத்தார்.

படத்தை வண்டியில் ஏற்ற நான் ஒரு முனையைப் பிடித்தேன். அப்போதுதான் கையைத் தூக்கிய காரணத்தைச் சொன்னார்.

"அந்தம்மா ஏம்ப்பா நிறுத்திட்டாங்க?" என்றார். "மரத்த உத்துப் பாத்திருப்பாங்களோ? மரம் எனக்குச் சரியா வர்றதில்ல."

நான்தான் நிறுத்தினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"மரம் நல்லாத்தான்யா இருக்கு" என்றேன்.

நாற்பது வருடத்தில் அவர் படத்தைப் பற்றி நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அவர் நம்பவில்லை.